அத்தியாயம் 9: அப்பா பேரும் மேல் கமாவும்

உங்கள் பான் கார்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். அதில் சின்ன எழுத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி இருக்கும்: “ஃபாதர்’ஸ் நேம்”. ‘ஃபாதர்’ முடிந்ததும் எழுத்தின் தலைக்குப் பக்கத்தில் தொங்கும் சின்னக் கோட்டைப் பாருங்கள். அதன் முறையான பெயர் அப்பாஸ்ட்ரஃபி. என் மாலை வகுப்பில் எல்லோரும் அதை ‘மேல் கமா’ என்றுதான் சொல்கிறார்கள். வாயில் சுலபமாக வருவதால் நானும் அதற்கு மாறிவிட்டேன்.

இனி ஒரு நேர்முகத் தேர்வை நினைத்துப் பாருங்கள். தாராவியிலிருந்து அந்தேரிக்குப் போன பையன், சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “மை ஃபாதர் நேம் இஸ் செல்வராஜ்” என்று தொடங்குகிறான். எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகாது. ஆனால் முதல் வாக்கியத்திலேயே ஓர் எஸ் உதிர்ந்துவிட்டது. பான் கார்டில் ஒட்டியிருந்த எஸ் வாயில் ஒட்டவில்லை.

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது அந்த எஸ்ஸை எங்கே ஒட்டுவது, எங்கே ஒட்டக் கூடாது என்பது உங்கள் கைக்குப் பழகியிருக்க வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும். உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். மேல் கமாவைக் கண்ணால் கற்க முடியாது, கைதான் கற்கும்.

நம் வாய் ஏன் எஸ்ஸை விழுங்குகிறது

தமிழில் “அப்பாவுடைய பெயர்” என்று சொல்லலாம். ஆனால் யார் சொல்கிறார்கள்? “அப்பா பேரு”, “ராஜா வீடு”, “மச்சான் கடை” என்று இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. ‘உடைய’ என்பதை விட்டுவிட்டாலும் தமிழ் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைவதால்தான் “மை ஃபாதர் நேம்”, “மை பிரதர் ஷாப்” எல்லாம் வருகின்றன. உங்களுக்கு இலக்கணம் தெரியாததால் வரும் பிழை இல்லை இது, தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதால் வருவது.

இதிலே ஒரு நல்ல செய்தியும் உண்டு. உடையவர் முதலில், பொருள் பின்னால் என்ற வரிசை இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். “என் நண்பனோட அப்பாவோட கடை” என்பதை வரிசை மாற்றாமல் அப்படியே “மை ஃப்ரெண்ட்’ஸ் ஃபாதர்’ஸ் ஷாப்” என்று வைக்கலாம். ‘ஓட’ வரும் இடத்தில் எல்லாம் மேல் கமாவும் எஸ்ஸும்.

மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வசதி. மராத்தியில் உடைமைச் சொல் பொருளுக்கு ஏற்பச் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும்: மகன் என்றால் ‘சா’, மகள் என்றால் ‘சீ’, வீடு என்றால் ‘சே’. இந்தியில் கா, கீ, கே. லால்பாக்சா ராஜாவில் இருக்கும் ‘சா’ இதுதான். 1934 முதல் அங்கே உட்காரும் பிள்ளையாரை ஆங்கிலத்தில் சொன்னால் “லால்பாக்’ஸ் ராஜா”. மகனோ மகளோ வீடோ, ஆங்கிலத்துக்கு எல்லாம் ஒரே எஸ்தான். நம் நன்னூலார்கூட உடைமைப் பொருள் ஒருமையா பன்மையா என்று பார்த்து உருபை மாற்றச் சொன்னார். எனது கை, என கைகள். ஆங்கிலம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. பொருள் எத்தனை என்பது அதற்கு வேண்டாம், உடையவர் எத்தனை பேர் என்பது மட்டும் வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டால் கீழே வரும் படிகள் எதுவும் பிடிபடாது.

ஐந்து படிகள்

1. “யாருடையது?” என்று கேளுங்கள். பொருளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

2. உடையவரை மட்டும் தனியே, முழுதாக எழுதுங்கள். ஒருவர் என்றால் ஒருமை, பலர் என்றால் பன்மை. ஒரு தையல்காரர் என்றால் ‘டெய்லர்’. நாலு பேர் என்றால் ‘டெய்லர்ஸ்’. இந்தச் சொல் முழுதாக முடியும்வரை மேல் கமாவைத் தொடாதீர்கள்.

3. எழுதி முடித்த சொல்லின் வாலில் மேல் கமா போடுங்கள்.

4. சொல்லின் கடைசியில் ஏற்கெனவே பன்மை எஸ் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்: “டெய்லர்ஸ்’”. இல்லையென்றால் ஓர் எஸ் சேருங்கள்: “டெய்லர்’ஸ்”.

5. பிறகு பொருளை எழுதுங்கள். “டெய்லர்’ஸ் மெஷின்” என்றால் ஒருவரின் மெஷின். “டெய்லர்ஸ்’ மெஷின்” என்றால் நாலு பேருக்கும் பொதுவான மெஷின்.

காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பேசும்போது வித்தியாசம் தெரியாது, காகிதத்தில்தான் தெரியும். அதனால்தான் இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்களும் எழுத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டாம் படியை அவசரப்பட்டுத் தாண்டுவதுதான் என் வகுப்பில் நான் அதிகம் திருத்தும் பிழை. கையில் ஒரு மேல் கமாவை வைத்துக்கொண்டு, எஸ் எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் குத்திவிடுகிறார்கள். இதை மூக்கைப் பார்த்துப் பொட்டு வைப்பது என்று கேலி செய்வேன். நெற்றியைப் பாருங்கள், உடையவரைப் பாருங்கள்.

*விரல் சோதனை:* எழுதியபின் மேல் கமாவையும் அதற்கு வலப்பக்கம் இருப்பதையும் விரலால் மறையுங்கள். மிச்சம் நிற்பது உடையவரின் முழுப்பெயராக இருக்க வேண்டும். “சில்ட்ரன்’ஸ்” என்பதில் மறைத்தால் ‘சில்ட்ரன்’ நிற்கும். சரி. “சில்ட்ரன்ஸ்’” என்று எழுதி மறைத்தால் ‘சில்ட்ரன்ஸ்’ நிற்கும். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. தவறு பிடிபட்டது.

எஸ் இல்லாமலே பன்மையாகும் சொற்கள் கொஞ்சம்தான்: சில்ட்ரன், மென், விமன், பீப்பிள். இவற்றுக்கு ஒருமை போலவே மேல் கமாவும் எஸ்ஸும் சேரும். நவம்பர் 14 “சில்ட்ரன்’ஸ் டே”. மார்ச் 8 “விமன்’ஸ் டே”. செப்டம்பர் 5-இல் கொண்டாடுவது ஒரே ஓர் ஆசிரியரை அல்ல, அதனால் “டீச்சர்ஸ்’ டே”. இந்த மூன்று வாழ்த்தையும் வாட்ஸ்ஆப்பில் ஒருமுறை சரியாக அனுப்பிவிட்டால் விதி முழுதும் கைக்குள் வந்த மாதிரி.

தாஸ், தாமஸ், ரமேஷ்

எஸ்ஸில் முடியும் பெயர்கள் வந்தால் கை தயங்கும். “தாஸ்’ஸ் ஷாப்” என்றும் எழுதலாம், “தாஸ்’ ஷாப்” என்றும் எழுதலாம். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான் முதலாவதைச் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் வாய் சொல்வது ‘தாஸிஸ் ஷாப்’ என்றுதான். எதை எடுத்தாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ரமேஷ், கணேஷ், சந்தோஷ் எல்லாம் கடைசியில் எச் எழுத்தோடு முடிபவை. அவற்றுக்குச் சந்தேகமே இல்லை: “ரமேஷ்’ஸ் பைக்”. உச்சரிக்கும்போது ‘ரமேஷிஸ்’. ஸ், ஷ், ஜ், ச் ஒலிகளில் முடிந்தால் இந்த ‘இஸ்’ தானாக வரும். க், ட், ப் போன்ற ஒலிகளுக்குப் பின் அழுத்தமான ‘ஸ்’. மற்ற இடங்களில், முருகன்’ஸ், ராஜா’ஸ் போல, தேனீ ரீங்கரிக்கும் ஒலி. முதல் இரண்டை மட்டும் பழகினாலே போதும், மூன்றாவது பேச்சுப் பழக்கத்தில் வந்துவிடும்.

பலகை படிக்க ஒரு நடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு ஹார்பர் ரயிலில் கிங்ஸ் சர்க்கிளில் இறங்குங்கள்.

இறங்கிய இடமே முதல் பாடம். ஊர்ப்பெயரை விளக்கிச் சொன்னால் ராஜாவின் வட்டம். ராஜா ஒருவர், ஆகவே “கிங்’ஸ் சர்க்கிள்”. இந்த வட்டப் பூங்காவின் இப்போதைய பெயர் மகேஸ்வரி உத்யான். ஆனால் டாக்ஸிக்காரருக்கும் நமக்கும் அது இன்னும் கிங்ஸ் சர்க்கிள்தான். அக்கம்பக்கத்துக் கடைப்பலகைகளில் முகவரி வரியைப் பாருங்கள். மேல் கமாவோடு இருப்பவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பார்சி காலனிப் பக்கம் நடந்தால் ஃபைவ் கார்டன்ஸ். இங்கேயும் எஸ் இருக்கிறது, ஆனால் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. தோட்டம் ஐந்து, அவ்வளவுதான். மேல் கமா கூடாது. கிங்’ஸ் சர்க்கிளையும் ஃபைவ் கார்டன்ஸையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவையுங்கள். ஓர் எஸ் உடைமை எஸ், மற்றது எண்ணிக்கை எஸ். பாதிப் பிழைகள் இந்த இரண்டையும் குழப்புவதால் வருபவை.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் திரும்பினால் உடுப்பிச் சாப்பாட்டுக்குப் பெயர்போன ராம நாயக்’ஸ். பேச்சில் அப்படித்தான் சொல்வோம். ராம நாயக்கினுடைய என்ன? போர்டிங். அந்தச் சொல் தொக்கி நிற்கிறது. கடை, கிளினிக், வீடு என்று கேட்பவருக்குத் தெரிந்த இடமானால் பின்னால் உள்ள சொல்லை விட்டுவிடலாம்: “ஐ ஆம் அட் தி டாக்டர்’ஸ்”. மெக்டொனால்ட்’ஸ், டாமினோ’ஸ், ஹல்திராம்’ஸ் எல்லாம் இந்த வகை. பொருளை விடலாம், எஸ்ஸை விடக் கூடாது.

பக்கத்திலேயே கஃபே மெட்ராஸ் இருக்கிறது. மெட்ராஸ் என்ற பெயரின் கடைசியில் எஸ் இருப்பதைப் பார்த்து அங்கே மேல் கமா தேடாதீர்கள். அது ஊர்ப்பெயரின் சொந்த எழுத்து.

கோயில்களையும் தேவாலயங்களையும் கவனியுங்கள். செம்பூர் செடா நகரில் இருப்பது “முருகன் டெம்பிள்”. மாஹிமில் இருப்பது “செயின்ட் மைக்கேல்’ஸ் சர்ச்”. முருகனுக்குக் கோயில் சொந்தமில்லையா என்று ஒரு மாணவி கேட்டார். சொந்தம்தான். ஆனால் நம் கோயில்களை ஆங்கிலத்தில் சொல்லும்போது தெய்வத்தின் பெயர் அடையாளச் சீட்டு மாதிரி முன்னால் ஒட்டிக்கொள்கிறது. புனிதர்களின் பெயருக்குப் பின்னால் உடைமைக்குறி வருவது ஆங்கில மரபு. காரணம் தேடுவதைவிட மரபைப் பிடித்துக்கொள்வது இங்கே நல்லது. செம்பூரில் புனித அந்தோணியார் பெயரில் இருக்கும் பெண்கள் பள்ளியின் பெயரை இலக்கணப்படி எழுதினால் இரண்டு வகையும் ஒரே வரியில் கிடைக்கும்: “செயின்ட் அந்தோனி’ஸ் கேர்ள்ஸ்’ ஹைஸ்கூல்”. புனிதர் ஒருவர், பெண்கள் பலர்.

திரும்பும்போது தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டைக் கடப்பீர்கள். ‘ஃபீட்’ சாலையின் அளவு, சொந்தக்காரர் அல்ல. மேல் கமா வேண்டாம். ரயில் பெட்டியில் “லேடீஸ்” என்று மட்டும் எழுதியிருப்பதும் பிழையில்லை, அது ஒரு வகைப்பெயர். 1992 மே 5 அன்று சர்ச்கேட்டிலிருந்து பொரிவிலிக்குக் கிளம்பிய மகளிர் ரயிலும் “லேடீஸ் ஸ்பெஷல்” என்றுதான் பெயர் வாங்கியது.

நடை முடிந்து வரும்போது உங்கள் நோட்டில் “ஃபிரெஷ் இட்லி’ஸ்”, “ஸ்கூல் பேக்’ஸ்” மாதிரி நாலைந்தாவது சேர்ந்திருக்கும். எண்ணிக்கை எஸ்ஸுக்கு மேல் கமா போட்டவை. கடைக்காரரைக் கூப்பிட்டுத் திருத்தாதீர்கள். இங்கிலாந்திலேயே இந்தக் குறியைக் காப்பாற்ற ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற முதியவர் 2001-இல் ஒரு சங்கம் தொடங்கி, 2019-இல் தன் 96-ஆம் வயதில் முடியவில்லை என்று விட்டுவிட்டார். பர்மிங்ஹாம் மாநகராட்சி 2009-இல் தெருப்பலகைகளில் இந்தக் குறியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. நாம் நம் நோட்டைத் திருத்தினால் போதும்.

லீவ் லெட்டரும் வாடகை ஒப்பந்தமும்

காலத்துக்கும் ஆங்கிலம் உடைமை கொடுக்கிறது. ஒரு நாளின் விடுப்பு, இரண்டு நாட்களின் விடுப்பு. பள்ளிக்கும் ஆபீசுக்கும் எழுதும் கடிதங்களில் அதிகம் சறுக்கும் இடம் இது. அதே ஐந்து படிதான், உடையவர் மட்டும் ‘நாள்’:

“ஒன் டே’ஸ் லீவ்”.
“டூ டேஸ்’ லீவ்”.
“ஒன் மந்த்’ஸ் ரெண்ட்”.
“த்ரீ மந்த்ஸ்’ டெபாசிட்”.

*குறிப்பு:* பயமாக இருந்தால் வேறு வழி உண்டு. “எ டூ-டே லீவ்” என்று நடுவே சிறு கோடு போட்டு எழுதினால் எஸ்ஸும் வேண்டாம், மேல் கமாவும் வேண்டாம். மும்பையில் எல்லோரும் போடும் பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தை “லெவன்-மந்த் அக்ரிமெண்ட்” என்று சொல்வது இப்படித்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றைப் பாருங்கள், இது பணம் சம்பந்தப்பட்டது. “வித் தி ஓனர்’ஸ் பர்மிஷன்” என்றால் உரிமையாளர் ஒருவர் சம்மதித்தால் போதும். “வித் தி ஓனர்ஸ்’ பர்மிஷன்” என்றால் உரிமையாளர்கள் பலர். அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் இருக்கும் ரூமில் மூத்தவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மாடி போட்டால், நாளைக்கு இளையவர் வந்து நிற்பார். பத்திரத்தில் அந்தக் குறி எஸ்ஸுக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் குறியை நம்பாமல், உரிமையாளர் எல்லோருடைய பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வக்கீலும் அதைத்தான் விரும்புவார்.

கூட்டுக் கடையா, தனிக் கடையா

ரமேஷும் முருகனும் சேர்ந்து ஒரே தோல் பட்டறை நடத்தினால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி: “ரமேஷ் அண்ட் முருகன்’ஸ் வொர்க்‌ஷாப்”. ஆளுக்கொரு பட்டறை என்றால் இருவருக்கும் குறி: “ரமேஷ்’ஸ் அண்ட் முருகன்’ஸ் வொர்க்‌ஷாப்ஸ்”. பங்குக்குச் சண்டை வந்து பட்டறை பிரிந்தால் இலக்கணமும் பிரிகிறது.

மச்சான், மருமகன் உறவுகளுக்கும் குறி கடைசியில்தான்: “மை பிரதர்-இன்-லா’ஸ் ஷாப்”. ‘பிரதர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குத்தாதீர்கள். விரல் சோதனை போட்டால் உறவு பாதியில் அறுந்து தெரியும்.

எங்கே வேண்டாம்

உயிரில்லாத பொருளுக்குப் பெரும்பாலும் வேண்டாம். தமிழில் “வீட்டுக் கதவு”, “பள்ளிப் பை”, “கடை வாடகை” என்று சொல்வது போலவே ஆங்கிலத்திலும் இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைக்கலாம்: ‘ஸ்கூல் பேக்’, ‘ஷாப் ரெண்ட்’, ‘கார் கீ’. நம் வாய்ப்பழக்கம் இங்கே நமக்கு உதவுகிறது. சில இடத்தில் ‘ஆஃப்’ போட்டுத் திருப்பிச் சொல்வது இயல்பு: “தி எண்ட் ஆஃப் தி ரோட்”. ஆக, ஆளுக்கு எஸ், பொருளுக்குப் பக்கத்துச் சொல் அல்லது ‘ஆஃப்’. இது முழு விதியல்ல, “தி சிட்டி’ஸ் ட்ராஃபிக்” மாதிரி விலக்குகள் ஏராளம். ஆனால் தொடங்குகிறவருக்குப் பத்தில் எட்டு இடத்தில் கைகொடுக்கும்.

அவர், அது, நாம் போன்ற பிரதிப்பெயர்களின் உடைமை வடிவங்களுக்கு மேல் கமா கிடையவே கிடையாது. யுவர்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ் எல்லாமே குறி இல்லாமல் நிற்பவை. வினை இதில் ‘இட்ஸ்’ஸால்தான். “இட்’ஸ்” என்று குறி போட்டால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம். ‘அதனுடைய’ என்றால் குறி கூடாது. ‘ஹூ’ஸ்’ என்பது ‘ஹூ இஸ்’ அல்லது ‘ஹூ ஹேஸ்’ என்பதன் சுருக்கம், ‘யாருடைய’ என்பதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது.

*சோதனை:* குறியைப் பிரித்து ‘இட் இஸ்’ என்றோ ‘இட் ஹேஸ்’ என்றோ உரக்கப் படியுங்கள். வாக்கியம் நின்றால் குறி இருக்கட்டும். தடுமாறினால் எடுத்துவிடுங்கள்.

*எச்சரிக்கை:* செல்போன் தானாகத் திருத்தும் வேலையில் நீங்கள் சரியாக எழுதிய ‘இட்ஸ்’ஸுக்கு மேல் கமா சேர்த்துவிடும். பயோடேட்டாவை, கடிதத்தை அனுப்பும் முன் இந்த ஒரு சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். கணினியில் மேல் கமா என்டர் பொத்தானுக்கு இடப்பக்கம் இருக்கும். எஸ்கேப் பொத்தானுக்குக் கீழே சாய்ந்திருக்கும் கோடு வேறு, அதைத் தட்டாதீர்கள்.

பெயிண்டரிடம் போகும் முன்

சொந்தக் கடை வைப்பவர்களுக்கு இந்தப் பகுதி. வாக்கியத்தில் விழும் பிழையை ரப்பரால் அழிக்கலாம், பலகையில் விழுந்தால் காசு கொடுத்துத்தான் அழிக்க வேண்டும்.

1. பெயரை முதலில் காகிதத்தில் முடிவு செய்யுங்கள். “முருகன்’ஸ் லெதர்” என்பது உடைமை. “முருகன் லெதர்” என்பதும் பிழையில்லை, அது பெயர்ச்சீட்டு. குறி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஒருமுறை முடிவெடுத்தால் மாற்றாதீர்கள்.

2. “முருகன் அண்ட் சன்ஸ்”, “லக்ஷ்மி டெய்லர்ஸ்”, “ஜுவல்லர்ஸ்”, “லெதர் குட்ஸ்” எல்லாமே எண்ணிக்கை எஸ். இவற்றுக்குள் மேல் கமா நுழையக் கூடாது. பெயிண்டர் அழகுக்காகப் போட்டுவிடுவார், பக்கத்தில் நில்லுங்கள்.

3. குமாஸ்தா லைசென்ஸ், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் குறி இருந்து மற்றதில் இல்லாமல் போனால் வீண் அலைச்சலுக்கு இடம் கொடுத்த மாதிரி. பதியும் முன், படிவம் இந்தக் குறியை ஏற்கிறதா என்று கேளுங்கள். குழப்பம் வேண்டாம் என்றால் பதிவுப் பெயரில் குறியே வைக்காதீர்கள்.

4. இணையதள முகவரியில் மேல் கமாவுக்கு இடமில்லை. அதை விட்டுவிட்டு எழுதிப் பார்க்கும்போது வேறு ஏதாவது சொல்லாகப் படிகிறதா என்று இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

5. மராத்திப் பெயர் தேவநாகரி எழுத்தில் இருப்பது மகாராஷ்டிரத்தில் கட்டாயம். அது மற்ற எழுத்துகளைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. பலகையின் அளவைத் தீர்மானிக்கும்போதே அதற்கு இடம் விடுங்கள்.

ஆள்பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் இனிஷியலே ஓர் உடைமைக்குறிதான். எஸ். முருகன் என்றால் செல்வராஜுடைய முருகன். மும்பைப் படிவங்களோ மராத்தி வழக்கப்படி தன் பெயர், அப்பா பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். அப்பா பெயரை நிரப்பும்போது ‘செல்வராஜ்’ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஃபாதர்’ஸ் நேம்’ என்று படிவமே எஸ்ஸைப் போட்டுவிட்டது, நீங்கள் எழுத வேண்டியது வெறும் பெயர். ஆதாரில் இருக்கும் எழுத்துக்கூட்டல் எதுவோ அதுவே எல்லாப் படிவத்திலும்.

பயிற்சி

கீழே ஏழு வாக்கியம். நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதித் திருத்துங்கள். ஒன்று மட்டும் சரியாக இருக்கிறது.

1. “மை பிரதர் ஷாப் இஸ் நியர் நைன்டி ஃபீட் ரோட்.”
2. “வீ செல் பெல்ட்’ஸ் அண்ட் பேக்’ஸ்.”
3. “தி பேக் ஹேஸ் லாஸ்ட் இட்’ஸ் ஸிப்.”
4. “சில்ட்ரன்ஸ்’ ஷூஸ் ஆர் ஆன் தி டாப் ஷெல்ஃப்.”
5. “ஐ நீட் த்ரீ டே’ஸ் லீவ்.”
6. “திஸ் மெஷின் இஸ் ஹர்’ஸ்.”
7. “ரமேஷ் அண்ட் சுரேஷ்’ஸ் மதர் இஸ் ஃப்ரம் திருநெல்வேலி.”

விடைகள்: 1-இல் “பிரதர்’ஸ்”, ‘ஃபீட்’டைத் தொடாதீர்கள். 2-இல் இரண்டு குறியும் போக வேண்டும், விற்கும் சரக்குக்கு எண்ணிக்கை எஸ்தான். 3-இல் ‘இட் இஸ் ஸிப்’ என்று படித்துப் பாருங்கள், நிற்காது, குறியை எடுங்கள். 4-இல் “சில்ட்ரன்’ஸ்”. ‘ஷூஸ்’ வெறும் பன்மை. 5-இல் “த்ரீ டேஸ்’ லீவ்”. 6-இல் ‘ஹர்ஸ்’, குறி கிடையாது. 7 சரி. அம்மா ஒருவர், பிள்ளைகள் இருவர், அதனால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி. ரமேஷின் அம்மா வேறு, சுரேஷின் அம்மா வேறு என்றால் இரண்டு பெயருக்கும் எஸ் போட்டு, ‘மதர்’ என்பதை ‘மதர்ஸ்’ ஆக்கி, ‘இஸ்’ என்பதை ‘ஆர்’ என்று மாற்றுங்கள்.